கொஞ்ச நாள்தான் என்று சொல்லிப் போனவர்கள்

குடும்ப வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 27:41 முதல் 28:22 வரை, ஆதியாகமம் 31:36-42, சங்கீதம் 137, எரேமியா 28, 29 அதிகாரங்கள், பிலிப்பியர் 2:25-30



சில வாரங்களுக்கு முன்பு மேலப்பாளையத்தில் ஒரு சகோதரியின் வீட்டில் ஜெபத்துக்காகக் கூடியிருந்தோம். ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும் நேரத்தில் போன் அடித்தது. அவர்களுடைய கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். போய் ஐந்து வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போனார். "எப்படி இருக்கிய? சாப்ட்டியளா?" என்று சகோதரி கேட்டார்கள். "நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? பிள்ளைய ஒழுங்கா படிக்குதுவளா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த கையோடு சகோதரி அடுப்படிக்குள் போய் நின்று அழுதார்கள்.

என் மனைவி பின்னாலேயே போய்க் கேட்டதற்கு அவர்கள் சொன்னது இது: "அவியளும் பொய் சொல்லுதாவ, நானும் பொய் சொல்லுதேன் அக்கா. ராத்திரி தூக்கமே இல்லாம கெடக்காவன்னு கூட வேலை பாக்குற தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். நா அழுதேன்னு வெளிய சொன்னா, இவளுக்கு விசுவாசம் இல்லன்னு நெனச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு."

அந்த வார்த்தை அன்றைக்கு இரவெல்லாம் என்னை விடவில்லை. வீட்டை நினைத்து அழுவது அவிசுவாசமா? ஊர் ஏக்கம் பாவமா? இந்தப் பாடம் அந்த ஒரே கேள்விக்காகத்தான்.

பிரியமானவர்களே, இது ஒரு வீட்டுக் காரியம் அல்ல. நம் மேலப்பாளையத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிற தாய்மாரில் எத்தனை பேருக்குப் பிள்ளை துபாயில், மருமகன் சவூதியில், கணவன் கத்தாரில்! நம் அக்கம்பக்கத்து இஸ்லாமிய சகோதரர்களின் வீடுகளிலும் இதே போன், இதே பேச்சு, இதே கண்ணீர். 2015ல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டு மக்கள் வெளிநாடுகளில் இருந்ததாகக் கணக்கிட்டது. அத்தனை பேருக்கும் பின்னால் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் காலியாயிருக்கிற ஓர் இடம் உண்டு.

1. யாக்கோபின் "கொஞ்ச நாள்"

வேதத்தில் பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் தூரதேசம் போனவர்களில் யாக்கோபு முக்கியமானவன். அண்ணன் ஏசாவின் கோபத்துக்குப் பயந்து தாய் ரெபெக்காள் அவனை ஆரானுக்கு அனுப்புகிறாள். பெயெர்செபாவிலிருந்து ஆரான் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஆரான் இன்றைக்குத் துருக்கி நாட்டின் தென்கிழக்கில் இருக்கிறது. அனுப்பும்போது அவள் என்ன சொன்னாள்? ஆதியாகமம் 27:44ஐக் கவனித்துப் பாருங்கள். கொஞ்ச நாள் அங்கே இரு, பிறகு ஆள் அனுப்பி உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்பதே அவள் சொன்னதன் கருத்து.

அந்தக் கொஞ்ச நாள் 20 வருஷம் ஆயிற்று!

மாமன் வீட்டு வேலை எப்படி இருந்தது என்று ஆதியாகமம் 31ல் யாக்கோபே சொல்லுகிறான். பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் குளிர், கண்ணுக்குத் தூக்கம் இல்லை, சம்பளத்தைப் பத்து தடவை மாற்றினார்கள். தேவபிள்ளைகளே, இது நமக்குத் தெரியாத கதையா? இங்கே காட்டிய ஒப்பந்தம் ஒன்று, அங்கே போய் இறங்கினதும் கையெழுத்து வாங்கின ஒப்பந்தம் வேறு என்று எத்தனை பேர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்! கடைசியில் யாக்கோபு தகப்பன் வீட்டுக்காக எவ்வளவு ஏங்கினான் என்பதை அவனை ஏமாற்றின லாபானே 31:30ல் ஒத்துக்கொள்கிறான்.

இன்னொரு காரியம். ஆதியாகமம் 35:27ல் யாக்கோபு திரும்பி வந்து தகப்பன் ஈசாக்கைப் பார்க்கிறான். ஆனால் கொஞ்ச நாள் என்று சொல்லி அனுப்பின தாய்? ரெபெக்காள் தன் மகனை மறுபடியும் பார்த்தாள் என்று ஒரு வசனமும் சொல்லவில்லை. 49:31ல் அவளை அடக்கம்பண்ணின இடத்தை மாத்திரம் வாசிக்கிறோம்.

இதை நான் சாதாரணமாக வாசிக்க முடியாதவன். ஏனென்று சொல்லுகிறேன்.

2. என் சொந்த சாட்சி

நான் 1993 முதல் 2002 வரை சவூதியில் எலெக்ட்ரீசியனாக வேலை பார்த்தவன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து வீட்டார் எல்லாரும் வந்து வழியனுப்பினார்கள். "ரெண்டு வருஷம்தாம்ல மக்கா, கண்ண மூடி முழிக்கதுக்குள்ள போயிரும்" என்று அம்மா சொன்னார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து என் பெட்டிக்குச் சுற்றின கயிற்றை மறுபடியும் மறுபடியும் இறுக்கிக்கொண்டேயிருந்தார்கள்.

1996ல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வீட்டார் கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணியும் செய்தி என் கைக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்கு அங்கே கம்பெனியின் அனுமதி இல்லாமல் ஒருவன் நாட்டை விட்டு வெளியே போக முடியாது; என் பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான் இருந்தது. வேலை முடிகிற சமயம் என்று லீவு கிடைக்கவில்லை. நான் இல்லாமலே அடக்கம் நடந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: "நான் சமாதானமாயிருக்கிறேன், கர்த்தர் என்னைப் பலப்படுத்தினார், எனக்கு ஒரு துக்கமும் இல்லை, நீங்களும் அழாதிருங்கள்." அது முழுப் பொய். பல இரவு நான் தூங்கவில்லை. சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆனால் ஊரிலே பாஸ்டருக்கும் சபைக்கும் என் கடிதத்தை வாசித்துக் காட்டுவார்கள், எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதனால் அப்படி எழுதினேன்.

என் அறையில் பக்கத்துக் கட்டிலில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சகோதரன் ஒருவர் இருந்தார். 1974ல் அந்த நாட்டு அரசாங்கம் தன் தொழிலாளர் சட்டத்திலேயே வெளிநாட்டு வேலைக்கு வழி செய்தது. அன்றுமுதல் நம் ஜனங்களைப் போலவே அவர்களும் உலகமெங்கும் போகிறார்கள். இந்தச் சகோதரன் கட்டிலுக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வைத்திருப்பார். மாதாமாதம் சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, சாக்லேட், பிள்ளைகளுக்குச் செருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக அதை நிரப்பி ஊருக்கு அனுப்புவார். அவர்கள் அதை "பாலிக்பாயன் பெட்டி" என்பார்கள். பாலிக்பாயன் என்றால் நாடு திரும்புகிறவர் என்று அர்த்தம். ஆள் திரும்ப முடியவில்லை, பெட்டி திரும்புகிறது! செப்டம்பர் மாதம் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டு முணுமுணுக்க ஆரம்பிப்பார். அவர்கள் நாட்டில் அது வழக்கம்.

ஒருநாள் இரவு அந்தச் சகோதரன் எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். தன் தாயாருடைய அடக்கத்துக்குத் தானும் போகவில்லை என்று சொன்னார். பிறகு, "நீ இன்னும் அழவில்லை, அழு" என்றார். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அவரும் கூட அழுதார். பிறகு இரண்டுபேரும் மெல்லிய சத்தத்தில் ஜெபித்தோம். அவர் அவருடைய பாஷையில், நான் நம்முடைய தமிழில். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "துக்கமே இல்லன்னு எழுதியிருந்தியேல. அந்த லெட்டர வச்சுக்கிட்டு நா எத்தன நாள் அழுதேன் தெரியுமா? அப்பா போனது இவனுக்குப் பெருசாவே தெரியலையேன்னுதான் அழுதேன்." என் அம்மாவைத் தேற்ற வேண்டும் என்று நான் எழுதின பொய், விதவையாய் உட்கார்ந்திருந்த அந்தத் தாயை இன்னொரு தடவை அழப்பண்ணிற்று. இரண்டுபேரும் ஒரே மனுஷனுக்காக அழுதோம். ஆனால் தனித்தனியே அழுதோம். நான் உண்மையை எழுதியிருந்தால் சேர்ந்து அழுதிருப்போம்.

3. கண்ணீரை வேதம் மறைக்கவில்லை

சங்கீதம் 137ஐ வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரைகளில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுகிறார்கள். பாபிலோன் தேசம் ஆறுகளும் வெட்டின வாய்க்கால்களும் நிறைந்தது. நம் ஊர் வழியாகப் பாளையங்கால்வாய் போகிறதே, அதைப்போல. கரையில் மரம் உண்டு, தண்ணீர் உண்டு, பார்க்க நல்ல இடம். ஆனாலும் அது தங்கள் ஊர் அல்ல. பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாட முடியவில்லை. சுரமண்டலங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். அந்த அழுகையைப் பரிசுத்த ஆவியானவர் வேதபுஸ்தகத்திலிருந்து நீக்கிப்போடவில்லை. "இது அவிசுவாசம், இதைச் சபையில் வாசிக்க வேண்டாம்" என்று சொல்லவில்லை. சங்கீதமாகவே வைத்துவிட்டார்!

இப்போது பிலிப்பியர் 2:25-30க்கு வாருங்கள். எப்பாப்பிரோதீத்து என்று ஒரு சகோதரன். பிலிப்பி சபையார் பவுலுக்குக் கொடுத்தனுப்பின காணிக்கையைக் கொண்டுபோனவர் அவர்தான் (4:18). போன இடத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அதைக் காட்டிலும் அவரை வாட்டினது எது? தான் வியாதியாயிருக்கிறது ஊரிலே தெரிந்துவிட்டதே, அவர்கள் எவ்வளவு கலங்குவார்களோ என்ற வேதனை! தூரதேசத்தில் இருக்கிற ஒவ்வொரு தகப்பனுக்கும் கணவனுக்கும் இந்த வேதனை தெரியும்.

அந்த வேதனைக்கு மூலபாஷையாகிய கிரேக்கில் ஒரு வார்த்தை வருகிறது. அதே வார்த்தை புதிய ஏற்பாட்டில் வேறு எங்கே வருகிறது தெரியுமா? மத்தேயு 26:37லும் மாற்கு 14:33லும், கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் வியாகுலப்பட்ட இடத்தில் வருகிறது! ஊரை நினைத்துத் தவித்த ஒரு வேலைக்காரனுடைய வேதனைக்கும் தேவகுமாரனுடைய வேதனைக்கும் வேதம் ஒரே வார்த்தையைப் போட்டிருக்கிறது. பிறகு யார் அதை அவிசுவாசம் என்று சொல்லலாம்?

உலக ஞானிகளும் இதை அறிந்தார்கள். 1688ல் சுவிட்சர்லாந்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டுத் தூரம் போனவர்களுக்கு வரும் தூக்கமின்மை, பசியின்மை, ஓயாத ஏக்கம் இவைகளை ஆராய்ந்து எழுதினார். கிரேக்கில் திரும்பிப் போதல், வேதனை என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து அதற்கு "நாஸ்டால்ஜியா" என்று பேர் வைத்தார். ஊருக்கு அனுப்பிவைப்பதே அதற்கு நல்ல மருந்து என்றார். நம் பவுல் அப்போஸ்தலன் அதற்கு 1,600 வருஷங்களுக்கு முன்பே எப்பாப்பிரோதீத்துக்கு அந்த மருந்தைக் கொடுத்துவிட்டார். வேலை பாக்கியிருந்தும் அவரைத் துரிதமாய் ஊருக்கு அனுப்பினார்.

4. "ரெண்டு வருஷம்" என்ற பொய்த் தீர்க்கதரிசனம்

கண்ணீர் பாவமல்ல. அப்படியானால் எது ஆபத்து? பொய்யான ஆறுதல் ஆபத்து.

எரேமியா 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் ஜனங்களுக்கு முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முன்னறிவித்தான். கேட்கிறதற்கு எவ்வளவு இனிப்பு! எரேமியாவே முதலில் அதற்கு ஆமென் என்றுதான் சொன்னார். அவருக்கும் அதே ஏக்கம் இருந்தது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. கர்த்தர் சொன்ன கணக்கு 70 வருஷம் (29:10).

நம்முடைய ஜனங்கள் எத்தனை வருஷம் என்று சொல்லிப் போகிறார்கள்? அதே இரண்டு வருஷம்! விசா கடன் அடைக்க இரண்டு வருஷம், பிறகு தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு வருஷம், வீடு கட்ட இரண்டு வருஷம், பையன் காலேஜுக்கு இரண்டு வருஷம். இப்படியே தலை நரைத்துப்போகிறது.

ஆகவே போகிறதற்கு முன்பே உண்மைக் கணக்குப் போடுங்கள். இனிப்பாய்ப் பேசுகிற ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாயிருங்கள். மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அப்படிப்பட்ட ஏஜெண்டு சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். வாங்கினதற்கு ரசீது கேளுங்கள். "இப்ப விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் போகாதிருங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் இவைகளின் நகலை வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் போங்கள். நான் இருந்த காலத்துச் சட்டம் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சவூதியில் 2021 மார்ச் முதல் கம்பெனித் தொழிலாளர் பலர் முதலாளியின் சம்மதமில்லாமலே ஊருக்கு வந்துபோக வழி ஏற்பட்டது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டு டிரைவர்களும் அந்தத் தளர்வில் சேர்க்கப்படவில்லை. நெருக்கடியில் இந்தியத் தூதரகத்துக்குப் போக வெட்கப்படாதிருங்கள். கஷ்டத்திலிருக்கிற நம் ஜனங்களுக்கு உதவ 2009 முதல் தூதரகங்களில் ஒரு நல நிதி உண்டு.

5. இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள்

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு ஆள் கையில் கொடுத்தனுப்பின கடிதம். அக்காலத்தில் கேசட்டில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுவோமே, அதுபோல. அதில் கர்த்தர் அழாதே என்று சொல்லவில்லை. வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளைப் பெறு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணு என்கிறார். ஏங்கிக்கொண்டே வாழவும் செய் என்பதே அதன் பொருள்.

தூரதேசத்தில் இருக்கும் சகோதரனே, லீவு நாளை முழுவதும் கட்டிலில் படுத்துக் கழிக்காதே. துபாய், கத்தார், குவைத் போன்ற இடங்களில் ஆராதனைக்கென்று அனுமதிக்கப்பட்ட வளாகங்கள் உண்டு. தமிழ்ச் சபைகளும் உண்டு. எங்கே வெளிப்படையான ஆலயம் இல்லையோ, அங்கே அந்த நாட்டுச் சட்டத்தை அறிந்து ஞானமாய் நடந்துகொள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்த பாஷை என்று பாராமல் அவன் துக்கத்தை விசாரி. எனக்கு ஒரு பிலிப்பைன்ஸ் சகோதரன் செய்ததை நீ ஒருவனுக்குச் செய்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்காய்ப் போய்விட்டாலோ, இனி வாழ்ந்து என்ன என்ற நினைவு வந்தாலோ, ஜெபிப்பதோடு வைத்தியரிடமும் உடனே போக வேண்டும். பவுலோடு பிரயாணம்பண்ணின லூக்காவும் வைத்தியன்தான். இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி வந்தால் 14416 என்ற அரசாங்க எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

6. சபையே, நம்முடைய பங்கு என்ன?

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே நம் ஜனங்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். அப்போது இங்கிருந்த சபை என்ன செய்தது? 1854ல் இலங்கையில் "தமிழ் கூலி மிஷன்" என்ற ஊழியம் தொடங்கினபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் கடந்து அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். போனவர்களைச் சபை மறக்கவில்லை, பின்னாலேயே போயிற்று! பின்பு 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. அப்படி வந்தவர்களில் அநேகர் அங்கேயே பிறந்தவர்கள். "ஊருக்கு வந்துவிட்டீர்கள்" என்று நாம் சொன்னோம். அவர்களோ விட்டுவந்த மலைகளை நினைத்து அழுதார்கள். வந்தவனுக்கும் ஏக்கம் உண்டு என்பதை நாம் அறிய வேண்டும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அம்மான் வழியாக விமானங்களில் நாடு திரும்பினார்கள். பல வருஷச் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தவர்கள் எத்தனை பேர்! 2020ல் கொரோனா காலத்திலும் அப்படியே வேலை இழந்து வந்தார்கள். அவர்களை நாம் எப்படி வரவேற்றோம்? "என்ன பிரதர், எப்ப திரும்பப் போறிய?" இதுதான் நாம் கேட்ட முதல் கேள்வி! நகோமி வெறுமையாய்த் திரும்பி வந்தபோது பெத்லகேம் ஊரே கூடி இவள்தானா அவள் என்று வாயைப் பிளந்தது (ரூத் 1:19). நாமும் அதைத்தான் செய்கிறோம்.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினதைப் பாருங்கள் (2:29). எப்பாப்பிரோதீத்துவை முழுச் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனப்படுத்துங்கள் என்கிறார். வேலையைப் பாதியில் விட்டு, உடம்பு சரியில்லாமல், ஊர் ஏக்கத்தோடு திரும்பி வருகிறவனைக் கனம்பண்ணும்படி ஓர் அப்போஸ்தலன் சபைக்குக் கட்டளை கொடுக்கிறார்!

நம் சாட்சி நேரத்தையும் யோசியுங்கள். "விசா கிடைத்தது, ஸ்தோத்திரம். சம்பளம் உயர்ந்தது, ஸ்தோத்திரம். வீடு கட்டினேன், ஸ்தோத்திரம்." நல்லதுதான். ஆனால் "நான் தினமும் அழுகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று ஒரு சகோதரி எழுந்து சொல்ல நம் சபையில் இடம் இருக்கிறதா? இடம் கொடுக்காததனால்தானே ஒருத்தி அடுப்படியில் நின்று அழ வேண்டியிருக்கிறது?

7. இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது

போன் பேசும்போது "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்தாமல், அன்றைக்கு நடந்த ஒரு கஷ்டத்தையும் ஒரு சந்தோஷத்தையும் இரண்டு பக்கமும் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி மட்டும் பேசி வைத்துவிடாதிருங்கள். போனிலேயே ஒரு நிமிஷம் சேர்ந்து ஜெபியுங்கள்.

இன்னும் எத்தனை வருஷம், எவ்வளவு கடன், எப்போது திரும்புவது என்று கணவனும் மனைவியும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். நெகேமியா நான்கு மாதம் ஜெபித்த பிறகு ராஜாவுக்கு முன்பாகத் தன் துக்கத்தை மறைக்காமல் சொன்னார், எத்தனை நாள் லீவு என்று குறித்துக் கேட்டார் (நெகேமியா 1:1, 2:1-6). லீவு கேட்பதும் விசுவாசம்தான்!

வயதான தாய் தகப்பன் இருந்தால், "கொஞ்ச நாள்தான்" என்று சொல்லாதிருங்கள். ரெபெக்காளை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படியாவது ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

சபையார், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறையாவது போங்கள். காணிக்கை வாங்க அல்ல, "பிள்ளைய எப்படி இருக்கு? ராத்திரி தூங்குதியளா?" என்று கேட்கிறதற்காகப் போங்கள்.

வீட்டாரோடு பேசிக்கொள்ள சில கேள்விகள்

1. யாக்கோபின் கொஞ்ச நாள் எத்தனை வருஷம் ஆயிற்று? நம் வீட்டில் யார் யாருக்கு அப்படி ஆயிருக்கிறது?
2. அனனியா சொன்ன இரண்டு வருஷத்தை ஜனங்கள் ஏன் நம்ப விரும்பினார்கள்?
3. எப்பாப்பிரோதீத்து திரும்பி வந்தபோது நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் அவரிடம் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்?
4. தூரத்தில் இருப்பவரிடம் நீங்கள் இதுவரை மறைத்துவைத்திருக்கிற உண்மை எது?

பிரியமானவர்களே, கடந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரி ஆராதனை முடிந்து என் மனைவியிடம் வந்தார்கள். "நேத்து அவியகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் அக்கா. அவியளும் அழுதாவ, நானும் அழுதேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல, போனை மட்டும் வைக்காம இருந்தோம். வர்ற தை மாசம் வந்துருதேன்னு சொல்லியிருக்காவ" என்றார்கள். வருவாரா, லீவு கிடைக்குமா என்பது கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது; நாமும் ஜெபிப்போம். ஆனால் அவர்கள் இருவரும் இனித் தனித்தனியே அழமாட்டார்கள். கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்த யாக்கோபோடு லூஸ் என்னும் ஊரில் பேசின தேவன், லேபர் கேம்ப் கட்டிலில் படுத்திருக்கிறவனோடும் மேலப்பாளையத்து அடுப்படியில் நிற்கிறவளோடும் பேசுகிறார்.

ஜெபம்: எங்கள் நல்ல தகப்பனே, தூரதேசத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் சகோதரிகளையும் உமது கண்ணின் முன்பாக வைத்துக்கொள்ளும். அவர்கள் இருக்கிற பட்டணங்களுக்குச் சமாதானம் தாரும். பொய்யான ஆறுதலை எங்கள் வாயிலிருந்து எடுத்துப்போட்டு, உண்மையாய் அழவும் உண்மையாய்த் தேற்றவும் எங்களுக்குக் கிருபை செய்யும். திரும்பி வருகிறவர்களைக் கனமாய் ஏற்றுக்கொள்ளும் இருதயத்தை எங்கள் சபைக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.